பால் கொடுக்கும் தாய்க்கு மரபணுச் சோதனை: 289 டொலருக்கு எனக்குக் கிடைத்தது

இரண்டாவது பிள்ளைக்கு சிசேரியன் என்று நாள் குறித்த பிறகு, வீட்டுக்குப் பெட்டி அனுப்பி, உமிழ்நீரை வாங்கிச் சோதித்து, எந்தெந்த மருந்து உங்கள் உடலில் எப்படி வேலை செய்யும் என்று அறிக்கை தரும் சேவை ஒன்றைப் பணம் கட்டி வாங்கினேன். வரியுடன் 289 டொலர். பால் கொடுக்கும் காலத்தில் வலி நிவாரணிகளைப் பாதுகாப்பாகத் தெரிவு செய்ய இந்தச் சோதனை உதவும் என்று அவர்களுடைய விளம்பரம் தனியாக ஒரு பத்தி ஒதுக்கிச் சொன்னது. என்னைப் பிடித்ததும் அந்தப் பத்திதான். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஐந்துக்கு இரண்டு புள்ளி கொடுக்கிறேன். அந்த இரண்டும் எதற்கு, மற்ற மூன்றும் எங்கே போயின என்பதைக் கீழே எழுதுகிறேன்.

இதை வாங்கியதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் இருந்தது. 2004இல் இதே ரொறன்ரோவில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது, தையல் வலிக்கு டைலனோல் 3 கொடுத்தார்கள். பரசிட்டமோலுடன் 30 மில்லிகிராம் கொடீன் சேர்ந்த மாத்திரை அது. முதல் மாத்திரையோடு அக்கா பகல் முழுவதும் எழும்பாமல் கிடந்தாள். இரண்டாவது மாத்திரை வாந்தியில் போனது. மூன்றாவதை அம்மா குப்பையில் போட்டுவிட்டு, பனடோலும் பத்தியக் கறியும் போதும் என்று சொல்லிவிட்டார். அக்காவும் பிள்ளையும் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு, 2005 ஏப்ரலில், இதே நகரத்தில் அதே மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாயின் 13 நாள் குழந்தை இறந்ததும், அடுத்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் அது கட்டுரையாக வந்து உலகம் முழுவதும் பேசப்பட்டதும் எங்கள் வீட்டில் மறக்கப்படவில்லை. நான் கருவுற்றதும் அக்கா முதலில் நினைவூட்டியது இதைத்தான்.

கொடீனுக்குத் தன்னளவில் வலியைக் குறைக்கும் சக்தி மிகக் குறைவு. அது ஈரலுக்குப் போய், சிஒய்பி2டி6 என்ற நொதியத்தினால் மோர்பின் என்ற வலுவான வலி நிவாரணியாக மாற்றப்பட்ட பிறகே வலி குறைகிறது. பெரும்பாலானவர்களில் கொடீனின் சிறு பங்கு, ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை, இப்படி மாறுகிறது. இந்த நொதியத்துக்கான மரபணு 22ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும் விதங்கள் நூற்றுக்கும் மேல். சிலருக்கு அது வேலையே செய்யாது. அவர்கள் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் வலி போகாது. வேறு சிலருக்கு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய இடத்தில், நன்றாக வேலை செய்யும் மூன்று பிரதிகளோ அதற்கு மேலோ இருக்கும். அவர்களுடைய உடல் கொடீனை மிக விரைவாக, மிக அதிகமாக மோர்பினாக மாற்றிவிடும். அந்த மோர்பின் தாய்ப்பாலில் கலந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பதுதான் பயம். எத்தியோப்பியாவிலும் வட ஆபிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் இவர்கள் கணிசமான தொகையினர். நம்மவரிடையே இது அபூர்வம். தென்னிந்திய மக்களிடம் இந்த மரபணு எப்படி இருக்கிறது என்று புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியினர் தமிழரையும் உள்ளடக்கி ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். தெரிந்திருந்தால் காசைச் செலவழிப்பதற்கு முன் இன்னும் ஒரு நாள் யோசித்திருப்பேன்.

2005இல் இறந்த குழந்தையின் தாய் இந்த அதிவிரைவு வகையைச் சேர்ந்தவர் என்று கட்டுரை கூறியது. ஏழாம் நாள் குழந்தை சோர்ந்தது, பால் குடிப்பது குறைந்தது. பன்னிரண்டாம் நாள் தோல் சாம்பல் நிறமானது. பதின்மூன்றாம் நாள் உயிர் இல்லை. உறையவைத்திருந்த தாய்ப்பாலில் மில்லிலீட்டருக்கு 87 நனோகிராம் மோர்பினும், குழந்தையின் இரத்தத்தில் 70 நனோகிராமும் இருந்ததாகப் பதிவானது. இந்த ஒரு மரணத்தைத் தொடர்ந்துதான் 2007 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பால் கொடுக்கும் தாய்மாரையும் வைத்தியர்களையும் எச்சரித்தது. அதிவிரைவு வகையா என்று கண்டறியச் சோதனை உண்டு என்ற தகவலும் அந்த எச்சரிக்கையிலேயே இருந்தது. நான் வாங்கிய சேவையின் விளம்பரத்துக்கு மூலம் இந்தக் கதைதான்.

விளம்பரம் சொல்லாமல் விட்டது, கதையின் பிற்பகுதியை. தாய்ப்பாலில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அளவைக்கொண்டு, குழந்தை ஒரு நாளில் குடிக்கக்கூடிய பாலைக் கணக்கிட்டால், இரத்தத்தில் காணப்பட்ட அவ்வளவு மோர்பின் பால் வழியாக மட்டும் வந்திருக்க முடியாது என்று நச்சியல் வல்லுநர்கள் பின்னாளில் வாதிட்டார்கள். இதே நிகழ்வைப் பற்றிக் கனேடிய மருத்துவ இதழ்கள் இரண்டு வெளியிட்டிருந்த கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. லான்செட் கட்டுரையை எழுதிய குழு இயங்கிய, ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த மதரிஸ்க் நிலையம் போதைப்பொருள் பாவனையைக் கண்டறியச் செய்த தலைமுடிச் சோதனைகள் நம்பகமற்றவை என்று 2015இல் ஒன்ராறியோ அரசு நியமித்த தனி விசாரணை முடிவு செய்தது; அது வேறு விடயம் என்றாலும், அந்தப் பெயர் மீதிருந்த நம்பிக்கையை அது குலைத்தது. கொடீன் ஆபத்தற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பால் குடித்த குழந்தைகள் மயங்கிச் சோர்ந்ததாக வேறு பதிவுகளும் உண்டு. ஒரே ஒரு மரணத்தின் மேல் கட்டப்பட்ட விளக்கத்தை, அதன் அத்திவாரம் ஆட்டம் கண்ட பிறகும், 289 டொலர் விலைச்சீட்டோடு விற்கும்போது அந்த ஆட்டத்தையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் முறைப்பாடு.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். 33ஆம் வாரத்தில் அது வந்தது. உள்ளே புனல் வைத்த ஒரு குழாய், மூடி, பட்டைக் குறியீடு, திருப்பி அனுப்பும் உறை. அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் குடிக்காமலும் இருந்து, குழாயில் இருக்கும் கோடு வரை உமிழ்நீரை நிரப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு எனக்கு வாய் எப்போதும் வறண்டே கிடந்தது. இருபது நிமிடம் குழாயை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும், கோட்டுக்கு மேலே நுரையும் கோட்டுக்குக் கீழே பாதி நீருமாகத்தான் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த மாமி, தேசிக்காயை நினைத்துக்கொள் பிள்ளை, தானாக ஊறும் என்றார். ஊறியது. நிறுவனத்தின் குறிப்பேட்டில் இந்த உபாயம் இல்லை. நிரம்பியதும் மூடியைத் திருக, அதற்குள் அடைபட்டிருந்த திரவம் இறங்கி உமிழ்நீருடன் கலக்கிறது. அதன் பிறகு குழாய் பல நாள் தபாலில் கிடந்தாலும் கெடாது. செய்முறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் புள்ளி இதற்கு.

இரண்டு முதல் மூன்று வாரத்தில் அறிக்கை என்றார்கள். மூன்றாவது வாரம் கடந்த பிறகு வந்தது அறிக்கையன்று; மாதிரியில் போதிய டீ.என்.ஏ. கிடைக்கவில்லை, புதிய பெட்டி அனுப்புகிறோம் என்ற மின்னஞ்சல். மாதிரி சரியில்லை என்பது ஆய்வுகூடத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். பேற்று நாளை அவர்களுடைய படிவத்திலேயே நான் நிரப்பியிருந்தேன். அப்படியிருந்தும் வரிசையில் என்னை முன்னுக்கு எடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது மாதிரியின் அறிக்கை என் கைக்கு வந்தபோது மகளுக்கு வயது ஒன்பது நாள். வலி நிவாரணி தேவைப்பட்ட காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

அந்த ஒன்பது நாட்களில் நடந்ததுதான் இந்த மதிப்புரையின் முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முதுகில் போட்ட ஊசியிலேயே சிறிது மோர்பின் சேர்த்திருந்தார்கள். அதன் பிறகு ஐபுபுரோபனும் பரசிட்டமோலும், வலி வரும் வரை காத்திராமல், மணிக்கணக்கு வைத்து மாறி மாறிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது, தாங்க முடியாவிட்டால் மட்டும் எடுக்கும்படி, மிகக் குறைந்த அளவு ஹைட்ரோமோர்போன் என்ற வலுவான வலி நிவாரணி மாத்திரைகள் ஆறு தந்தார்கள். இரண்டை எடுத்தேன், நான்கை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தேன். மரபணுச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை என்று தாதியிடம் நான் சற்றுக் கவலையோடு சொன்னபோது, அவர் புன்னகைத்து, நாங்கள் இங்கே யாருக்கும் கொடீன் கொடுப்பதில்லையே என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இலும், அமெரிக்க நிர்வாகம் 2017 ஏப்ரலிலும், பால் கொடுக்கும் தாய்மார் கொடீன் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டன. அமெரிக்க அறிவிப்பு ட்ரமடோல் என்ற வலி நிவாரணியையும் சேர்த்துக்கொண்டது. மரபணு எதுவாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள் என்பதே அதன் சாரம். ஐபுபுரோபன் தாய்ப்பாலில் மிகச் சொற்பமாகவே கலக்கிறது, அதற்கு இந்த நொதியத்தின் தயவு வேண்டியதில்லை, பரசிட்டமோலுக்கும் வேண்டியதில்லை, ஹைட்ரோமோர்போனும் சிஒய்பி2டி6ஐ நம்பி வேலை செய்யும் மருந்தன்று. எந்த மருந்துக்காகச் சோதனையை வாங்கினேனோ, அந்த மருந்தையே வைத்தியசாலை எப்போதோ கைவிட்டுவிட்டது.

அறிக்கை 22 பக்கம். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறப் பெட்டிகளில் மருந்துப் பெயர்கள், பார்க்க அழகு. சிஒய்பி2டி6 என்ற வரிக்கு எதிரே நட்சத்திரக் குறியுடன் 1, 2 என்ற இரு வடிவங்களும், பக்கத்தில் சாதாரண வேகம் என்ற முடிவும், கொடீனுக்குப் பச்சை நிறமும் இருந்தன. பால் கொடுக்கும் ஒரு தாயின் அறிக்கையில் கொடீனுக்குப் பச்சை. பால் கொடுப்பேன் என்று படிவத்தில் நான் போட்ட சரி அடையாளம் அறிக்கையைத் தயாரித்த கணினிக்குப் போய்ச் சேரவில்லை போலும்.

எங்கள் தெருமுனை மருந்தாளரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய், மட்டுப்பாடுகள் என்ற தலைப்பின் கீழ் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். சிஒய்பி2டி6 மரபணுவின் பிரதி எண்ணிக்கை இந்தச் சோதனையில் கணக்கிடப்படவில்லை என்று அங்கே இருந்தது. நட்சத்திரம் 1, நட்சத்திரம் 2 ஆகிய இரண்டும் முழுமையாக வேலை செய்யும் வடிவங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதிதான் என்றால் நான் சாதாரண வேகம். அவற்றில் ஒன்று இரட்டித்திருந்தால் நான் அதிவிரைவு. எண்ணாமலே சாதாரணம் என்று எழுதிவிட்டார்கள். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, இருக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று பதில் வந்தது போலத்தான் இது. மருந்தாளர் ஒரு நியாயமும் சொன்னார்: இந்த மரபணுவுக்குப் பக்கத்திலேயே, வேலை எதுவும் செய்யாத, ஆனால் அச்சு அசலாக இதைப் போன்ற இன்னொரு மரபணுப் படி இருக்கிறது, இரண்டையும் பிரித்து எண்ணுவது சிரமம், செலவும் கூட, அதனால் மலிவான சோதனைகள் அதை விட்டுவிடுகின்றன. நியாயம்தான். ஆனால் பிரதிகளை எண்ணாத சோதனை அதிவிரைவு வகையைக் கண்டுபிடிக்காது என்பதை வாங்கும் பக்கத்தில் எழுதாமல், 20ஆம் பக்கத்தில் எழுதியதற்கு அந்த நியாயம் உதவாது.

நான் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முதலிரண்டுக்கும் எழுதிவைத்த ஒரே பதில் வந்தது. மூன்றாவதில் பிரதி எண்ணிக்கை பற்றிய வரியைப் பெயர்த்து எழுதிக் கேட்டதும், பெயருள்ள ஒரு மனிதர் தொலைபேசியில் அழைத்தார். பொறுமையாகப் பேசினார், குறையை ஒப்புக்கொண்டார், மீதமிருந்த மாதிரியைக்கொண்டு மேலதிகக் கட்டணம் இல்லாமல் எண்ணித் தருவதாகச் சொன்னார், சொன்னபடி 18 நாளில் முடிவை அனுப்பினார். இரண்டே பிரதிகள். இரண்டாவது புள்ளி அந்த மனிதருக்கு.

இதை வாங்க நினைக்கும் தாய்மார் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சோதனை சொல்வது தாயின் ஈரலைப் பற்றி. குழந்தையின் ஈரலைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பிறந்த முதல் வாரங்களில் மோர்பினை வெளியேற்றும் வசதி குழந்தைக்கு முழுமையாக அமைந்திருப்பதில்லை. சிறு அளவும் தேங்கித் தேங்கிக் கூடும். மேலே சொன்ன அதே நிலையத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கொடீன் எடுத்த 72 தாய்மாரின் குழந்தைகளில் 17 பேர் அளவுக்கு மீறிச் சோர்ந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தாய்மாரில் மிகச் சிலரே அதிவிரைவு வகை. மற்றவர்கள் அதிக அளவில் மாத்திரை எடுத்திருந்தார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்விக்கு உமிழ்நீரில் விடை இல்லை. இன்னொன்று, பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் பரொக்சிட்டீன், புளுவொக்சிட்டீன் போன்றவை இதே நொதியத்தை முடக்குபவை. மரபணுவில் சாதாரணம் என்று இருப்பவரும் அவற்றை எடுக்கும் காலத்தில், நொதியம் சரியாக வேலை செய்யாத மந்த வகையாகவே நடந்துகொள்வார். கர்ப்ப காலத்திலோ நேர்மாறாக இந்த நொதியத்தின் வேகம் கூடி, பேற்றுக்குப் பிறகு பழைய நிலைக்கு இறங்குகிறது. அறிக்கையின் 22 பக்கங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எவருக்கும் பயன்படாது என்று தள்ளிவிடவும் மாட்டேன். கொடீனோ ட்ரமடோலோ எடுத்தபோது தனக்கோ தாய்க்கோ சகோதரிக்கோ விபரீதமாக ஏதேனும் நடந்திருந்தால், அல்லது மனச்சோர்வு மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், பிரதி எண்ணிக்கையும் சேர்த்துக் கணக்கிடும் சோதனையை, ஒரு வைத்தியரோ மருந்தாளரோ அருகிருந்து விளக்கும் நிலையில், கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே செய்துகொள்வதில் அர்த்தம் உண்டு. அக்காவுக்கு இதைப் பரிந்துரைத்திருக்கிறேன்; என்னுடைய முடிவு அவளுக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது, ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்தாலும் இருவரும் வேறு வேறு பிரதிகளைப் பெற்றிருக்கலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ட்ரமடோல் எழுதுவது இன்றும் வழக்கம். அங்கே பிள்ளை பெறப் போகும் உறவினர்களுக்கு நான் சொல்வது, பால் கொடுப்பதை வைத்தியரிடம் சொல்லி, வேறு மருந்து கேளுங்கள் என்பது மட்டும்தான். அதற்குச் செலவு இல்லை. இங்கே இருப்பவர்கள், சீட்டு இல்லாமல் மருந்தாளரிடம் கேட்டு வாங்கக்கூடிய 8 மில்லிகிராம் கொடீன் கலந்த மாத்திரையைத் தலையிடிக்கென்று வீட்டில் வைத்திருந்தால், பேற்றுக்கு முன்பே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதை இரவு மூன்று மணிக்கு யாரும் வாசித்துப் பார்த்து விழுங்குவதில்லை. வலுவான வலி நிவாரணி ஏதேனும் எடுத்தே ஆக வேண்டியிருந்தால் பிள்ளையைப் பாருங்கள்: வழமையை விட அதிகமாக நித்திரை, முலையைப் பிடித்துக்கொள்ளத் திணறல், கைகால் துவளுதல், மூச்சு மெதுவாதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எனக்குத் தந்த ஆறு மாத்திரைகளுடன் தாதி இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். அது இன்றும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது.

செலவை ஒன்ராறியோ மாகாணக் காப்புறுதி ஏற்கவில்லை. கணவரின் வேலைத்தலக் காப்புறுதியும் மறுத்துவிட்டது. முடிவை வேறு காப்புறுதி நிறுவனங்கள் கேட்குமோ என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: மரபணுச் சோதனை முடிவைக் காட்டும்படி எவரையும் வற்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் கனடாவில் 2017இல் நிறைவேறி, 2020இல் உச்ச நீதிமன்றத்தாலும் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் நிறுவனத்திடம் தங்கும் தரவு வேறு. பெரிய மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயிலிருந்து 2023இல் இலட்சக்கணக்கானோரின் தகவல்கள் களவு போனதையும், 2025இல் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதையும் பார்த்த பிறகு, என்னுடைய மாதிரியை அழித்துவிடும்படி எழுதிக் கேட்டேன். அதற்கான படிவம் அவர்களுடைய தளத்தில் நான்கு சொடுக்குகளுக்கு அப்பால் இருக்கிறது. ஐந்து வாரம் கழித்து, அழித்தாயிற்று என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதன் கீழே, அடுத்த பெட்டிக்கு 20 சதவீதத் தள்ளுபடி.